சாராயத்தில் வந்த கடலுயிர்

மூடியைத் திறந்ததும் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்; பிறகுதான் போத்தலுக்குள் கிடந்த கயிற்றுத் துண்டும் அதில் படர்ந்திருந்த வழுவழுப்பான மஞ்சள் படையும் கண்ணில் படும். திருகோணமலைத் துறைமுகத்தில் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலையிலிருந்த என் அண்ணன், நான் தரம் எட்டில் படித்தபோது, விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தது அது. பஸ்ஸில் வரும்போதே அழுகிவிடக் கூடாதென்று சாராயத்தில் போட்டிருந்தார். கூட வேலை செய்தவர்கள் அதை 'சளி' என்பார்களாம்.

பாடசாலையின் உருப்பெருக்கும் கைவில்லையை இரவல் வாங்கி இரண்டு வாரம் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பூவிதழ்களைப் போல வட்டமாக அடுக்கியிருந்த ஒவ்வொன்றும் அரிசிமணியிலும் சிறிய தனி உயிர். ஒவ்வொன்றுக்கும் நீரை உறிஞ்சத் தனி வாய், அந்த நீர் வெளியேற நடுவில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே துவாரம், எல்லாவற்றையும் மூடிய ஒரே கூழ்ப்போர்வை. அதன் விளிம்பிலிருந்த நுண்ணிய குமிழ்கள் எதற்கென்று தெரியாததால் கேள்விக்குறி போட்டேன். வெளிநாட்டுக் கப்பல்களின் அடியிலும் இது ஒட்டியிருக்கும் என்று அண்ணன் சொன்னதால், உலகப்படத்தில் துறைமுகங்களையும் குறித்தேன்.

பதுளைக் கண்காட்சி மண்டபத்தில் நடுவர் போத்தலைத் திறந்தார், முகர்ந்தார், சிரித்தார்.

"தோட்டத்துப் பிள்ளைகள் வேற என்னத்தக் கொண்டு வருவாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னை அழைத்துப்போன ஆசிரியரும்தான். எங்களோடு வந்து வாசலில் நின்ற அண்ணன் உள்ளே வந்தார். "சாராயத்துல போட்டது நானுங்க. படம் தங்கச்சி வரஞ்சது, அதப் பாருங்க." நடுவர் பார்க்கவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். யாரோ போத்தலைக் கொண்டுபோய் வெளியே கழிவுநீர்க் கானில் கொட்டினார்கள்.

பின்னாளில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் மாதிரிகள் வைக்கும் அறைக்குள் முதல்முறை நுழைந்தபோது நின்றுவிட்டேன். வரிசை வரிசையாகப் போத்தல்கள், பெரும்பாலானவற்றில் மதுசாரம், சாராயத்தில் இருக்கும் அதே பொருள். என்னுடையதைப் போன்ற ஒன்றும் அங்கே இருந்தது, 'கூட்டுக் கடற்பீச்சி' என்ற பெயரோடு. நான் கேள்விக்குறி போட்ட குமிழ்கள், அத்தனை உயிர்களையும் இணைக்கும் இரத்தக் குழாய்களின் நுனிகள். உலகத்தின் பல துறைமுகங்களிலும் அது இருப்பதாகப் புத்தகம் சொன்னது. என் படத்தில் ஒரு கோடுகூடப் பிழையில்லை. அறியாதவர்கள் நாங்களல்ல, சிரித்தவர்கள்தான்.

இன்று நான் பசறையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அந்த லயம் கூரையில்லாமல் கிடக்கிறது. படமும் அதோடு போயிற்று. போன தீபாவளிக்கு அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். அன்று சிரித்த ஒருவருக்கும் அது இப்போது ஞாபகமிருக்காது. அண்ணன் சொன்னார்: "வேற எதுலயாவது போட்டுக் கொண்டாந்திருக்கணும்மா. தப்பு என்னோடதுதான்."