படுத்தபடி கடல் கடந்த நில்டா

என் தங்கை ஜோசெநில்டா பெசேரா, எங்கள் வாயில் வெறும் நில்டா, ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். துணி மூட்டை ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவள், மறுபடி எழுந்து நடந்தாள். புருஷன் கடையை விற்றுவிட்டு ஓடிப்போன பிறகு, எங்கள் ஊர் கருவாருவின் அதே துணிச் சந்தையில், அதே வரிசையில், வேறொரு கடை பிடித்தாள். பள்ளிக்கூடமே போகாதவள், மகளை நர்ஸ் ஆக்கினாள். ஐம்பத்தேழாவது வயதில் விமானத்தில் கால் நீட்டிப் படுத்தபடி ஐரோப்பாவுக்குப் போனாள். அப்படியே படுத்தபடி திரும்பியும் வந்தாள். விமான நிலைய வரி மட்டும் கையிலிருந்து கட்டினாள். மீதி எல்லாம் கார்டில் சேர்த்த பாயிண்ட்.

சந்தையில் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள். பிசினஸ் கிளாஸ் என்றால் பணக்காரத் திமிர் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்: நில்டாவின் முதுகில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. அவளால் நிற்க முடியும், படுக்க முடியும், உட்கார மட்டும் முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே கால் மரத்துப் போகும், பிறகு இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி வலிக்கும். கடையில் நின்றுகொண்டே விற்பாள், ஆள் குறைந்ததும் ஜீன்ஸ் துணி மூட்டைகள் மேல் நீட்டிப் படுப்பாள். பெரிய நகரமான ரெசிஃபேக்கு மருத்துவரிடம் போவதென்றால் என் கணவர் ஜெனிவாலின் வேனில் பின்பக்கம் மெத்தை போட்டுத்தான் போவாள். லிஸ்பனுக்கு விமானத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போகலாமா என்று கேட்டதற்கு அந்த மருத்துவர் சிரித்துவிட்டார்.

லிஸ்பனில்தான் அவள் மகள் தாசியானா ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். இந்த யோசனையும் அவளுடையதுதான்.

“அம்மா, பிசினஸ் கிளாஸ்ல சீட்டு கட்டில் மாதிரி விரியும். நீ படுத்துட்டே வரலாம்.”

“அதுக்குக் கடைய வித்தாகணும்டி.”

“ஒண்ணும் விக்க வேணாம். துணி எடுக்கறப்ப கார்டு தேய்க்கிறேல்ல? அதுல பாயிண்ட் சேருது. அத விமானக் கம்பெனி கணக்குக்கு மாத்தினா டிக்கெட் தருவாங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“சும்மா தர்றவன நான் இன்னும் பார்க்கல” என்றாள் நில்டா. ஆனாலும் அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தாள். எழுத்து தெரியாதே தவிர, எண் தெரியும். போனில் எல்லாம் குரலில் பேசி அனுப்புவாள். ஜூன் திருவிழாவுக்கு ஊரே கட்டம் போட்ட சட்டை வாங்கும். அதற்காக ஏப்ரலிலேயே ரோல் ரோலாகத் துணி எடுப்பாள், எல்லாம் கார்டில். பக்கத்துக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு பேங்க் கார்டு தராது. அவர்கள் ரொக்கத்தை இவள் கையில் கொடுத்துவிட்டு இவள் கார்டில் துணி எடுத்தார்கள். அந்தப் பாயிண்டும் இவளுக்கே வந்தது. கார்டிலிருந்து மாற்றினால் இரட்டிப்பாகத் தருகிறேன் என்று விமானக் கம்பெனி எப்போதாவது அறிவிக்கும். அதுவரை தொடமாட்டாள்.

தவறு வேறு பக்கமிருந்து வந்தது. சாவோ பாலோவுக்குப் பிழைக்கப் போன ஒரு பிள்ளையோ ஒரு தம்பியோ இல்லாத வீடு கருவாருவில் கிடையாது. பஸ்ஸில் போனால் இரண்டு ராத்திரி, இரண்டு பகல். நில்டாவிடம் பாயிண்ட் இருக்கிறது என்று தெரிந்ததும் சந்தையே வந்தது. ஒருவருக்கு அப்பா சாகக் கிடக்கிறார், ஒருத்திக்குத் தங்கை கல்யாணம். “நில்டாம்மா, ஒரு டிக்கெட் மட்டும்” என்பார்கள். மகளிடம் போனில் சொல்லி எடுத்துக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். யாராவது சுட்டுத் தின்கிற சீஸ் ஒரு கட்டி கொண்டுவந்து வைத்தால் மறுக்கமாட்டாள், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் இத்தனை வேறு ஆட்களுக்குத்தான் டிக்கெட் எடுக்கலாம் என்று அந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு இருந்தது. இது எங்கள் யாருக்கும் தெரியாது.

2023 மே மாதம் தாசியானா கூப்பிட்டு, தான் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். அக்டோபரில் பிரசவம். அவள் கணவன் கப்பலில் வேலை செய்கிறவன், அப்போது ஊரில் இருக்கமாட்டான். “நீ வந்தா நல்லாருக்கும்மா” என்றாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. போக வர தேவையான பாயிண்ட் ஜூலையில் நிறைந்தது. டிக்கெட் எடுக்கப் போனால் கணக்கு பூட்டிக் கிடக்கிறது.

நில்டா விமானக் கம்பெனியைக் கூப்பிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

“நீங்க பாயிண்ட் வியாபாரம் பண்றதா சந்தேகம் மேடம்” என்றது ஒரு பெண் குரல்.

“நான் சட்டை வியாபாரம் பண்றேம்மா. டவுசரும் உண்டு. உன் வீட்டுக்காரர் சைஸ் என்ன?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதி விதிதான். பாயிண்டை விற்கவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அது அவள் கையெழுத்துதான் என்று நோட்டரி முத்திரையும் வாங்கி ஆகஸ்ட் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பாயிண்ட் எல்லாம் ரத்து.

நில்டா போனை வைத்தாள். மூட்டை மேல் படுத்தாள். “கையெழுத்தாமே” என்றாள்.

எங்கள் வீட்டில் நான் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அவள் முறை வந்தபோது அம்மா படுத்துவிட்டாள், வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவளுடைய அடையாள அட்டையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘கையெழுத்திடாதவர்’ என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை.

ஜெனிவாலுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சோளப்புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “எதுக்கு மச்சினி இவ்வளவு யோசனை? என் பேருக்கு ஒரு பவர் எழுதிக் குடு. ரெண்டு சாட்சி, உன் கைநாட்டு, ஒரே நாள்ல வேல முடிஞ்சிரும். உன் சார்பா எல்லாத்துலயும் நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்.”

“எல்லாத்துலயும்னா?”

“எல்லாத்துலயும்தான். மிச்சம் கிடக்கிற பாயிண்ட்ல நானும் உங்கக்காவும் ஒருதரம் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வருவோம். தப்பா?”

“தப்பில்ல அத்தான். ஆனா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்.”

“என்னை நம்பலயா?”

“உங்கள நம்புறேன். என் விரலத்தான் நம்பல. போன தடவ அது ஒரு பேப்பர்ல பட்டப்பதான் கடை போச்சு.”

அவள் புருஷன் கடையை விற்றது அந்த மாதிரி ஒரு பேப்பரில்தான். மின்சார இணைப்புக்கு என்று சொல்லி ரேகை வாங்கியிருந்தான்.

மறுநாள் இருவரும் நோட்டரி அலுவலகம் போனோம். அங்கே நம் கையெழுத்தை ஒரு அட்டையில் போட்டு வைத்துக்கொள்வார்கள். பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் அதோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவார்கள். கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா, நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு இதுல இருக்கு.”

“அது அப்ப. இப்ப போடுவேன்.”

“அப்ப இந்த அட்டைய மாத்திட்டு வாங்க. அரசாங்கம் நீங்க போட மாட்டீங்கன்னு சொல்லுது. நான் போடுவீங்கன்னு சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் கேட்டேன், “இப்ப போடுவேன்னு சொன்னியே, எப்படிடி?”

“இப்பன்னா இன்னிக்கா? நீ எழுதிக் குடு, பார்ப்போம்.”

நான் காகிதத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். பேனா அவள் விரலில் நிற்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பேனாவைத் தூக்கி எறிந்தாள். பிறகு நான் எழுதியதைப் பெரிதாக ஒரு அட்டைமேல் எழுதித் தரச் சொன்னாள். சட்டைக்குக் காலர், கை என்று வெட்டுவதற்கு வைத்திருக்கிற அதே தடித்த அட்டை. அந்த எழுத்துகளை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள். பெயரே ஒரு வெட்டுமாதிரி ஆகிவிட்டது. அதை ஜீன்ஸ் துணிமேல் வைத்து, தையல் சாக்கட்டியால் சுற்றி வரைந்தாள். மறுபடி, மறுபடி. வெட்டு மேசை முன்னால் நின்றபடியே. முப்பது வருஷமாக அட்டையைச் சுற்றிச் சாக்கட்டி ஓட்டிய கை அது. ஒரு வாரத்தில் அட்டையை எடுத்துவிட்டு வெறும் துணியில் போட்டாள். பெயர் வந்தது. பிறகு சின்னதாக்கினாள். சாக்கட்டியிலிருந்து பென்சில், பென்சிலிலிருந்து பேனா. அந்த வாரம் அவளிடம் வாங்கிய சில டவுசர்களின் உட்புறம் ‘ஜோசெநில்டா பெசேரா’ என்று இருக்கும். ஒரே ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார், அவருக்கு வேறு தந்தாள்.

“கோடீஸ்வரி கம்பெனி பேரு போட்டு விக்க ஆரம்பிச்சிட்டா” என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்தார்.

“பேரு போட்ட டவுசருக்கு வெல ஜாஸ்தி. வேணுமா?” என்றாள்.

அடையாள அட்டை அலுவலகத்தில் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. ஒரு சின்னக் கண்ணாடிப் பலகை, மை இல்லாத குச்சி. துணியில் அழுத்திப் பழகிய கைக்கு அது சோப்பு மாதிரி வழுக்கியது. பாதியில் எழுத்து வெளியே ஓடிவிட்டது.

“அழிச்சிடறேன், மறுபடி போடுங்க” என்றார் அங்கிருந்த இளம்பெண்.

“மெதுவாப் போடலாமா?”

“உங்க பேருதானே, உங்க இஷ்டம்.”

உட்கார நாற்காலி காட்டினார்கள். நில்டா நின்றுகொண்டே போட்டாள். இரண்டாவது தடவை பெயர் முழுசாக பலகைக்குள் நின்றது. அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். வெளியே வந்து என்னிடம், “அக்கா, பசிக்குது” என்று மட்டும் சொன்னாள்.

புது அட்டை வந்தபோது கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. நோட்டரியில் அதே ஆள், அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நில்டா போட்ட கையெழுத்தை ஒப்பிட்டு முத்திரை குத்தினார். காகிதத்தை அனுப்பியதும் கணக்கு திறந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ரெசிஃபேயிலிருந்து நேராக லிஸ்பனுக்கு ஒரு படுக்கை இருக்கை இருந்தது. டிசம்பரில் திரும்ப இன்னொன்று.

விமான நிலையம் வரை ஜெனிவாலின் வேன், பின்பக்கம் மெத்தை. கையில் கொய்யா ஜாம் வைத்துச் சுருட்டிய கேக் இரண்டு. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் உட்கார வேண்டியிருந்தது, அதைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டாள். மற்ற நேரம் முழுக்கப் படுத்திருந்தாள். போய்ச் சேர்ந்ததும் குரலில் அனுப்பினாள்: “மூட்டைய விட இடம் கொஞ்சம் சின்னதுதான்க்கா. ஆனா இந்தச் சட்டை எவ்வளவுன்னு கேட்டு யாரும் எழுப்பல.” மூன்று வாரம் கழித்து ஒரு பேத்தி பிறந்தாள். பிரசவ அறையில் நில்டா முழு நேரமும் நின்றாள். நிற்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

திரும்பி வந்த அன்று ஜெனிவால் கேட்டார்: “மச்சினி, இப்பதான் கையெழுத்து வந்துருச்சே. என் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து?”

“அந்தக் கை லிஸ்பன்லயே இருக்கு அத்தான்” என்றாள் நில்டா, கேக்குக்குப் பதிலாகக் கொண்டுவந்த பலகாரத்தை வெட்டிக்கொண்டே.

அவளுடைய புது அடையாள அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். முன்பு ‘கையெழுத்திடாதவர்’ என்று இருந்த இடத்தில், தையல் கோடு மாதிரி நேராக, அவள் பெயர். அதைக் கருவாருவில், என் பக்கத்தில் நின்று, அவள் போட்ட நாள்: 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.