பாலாற்றுப் பாலத்தில் புவியீர்ப்பு கம்மி

பாலிடெக்னிக் முதலாண்டில் எங்களுக்கு எறிபொருள் இயக்கத்தில் ஒரு செய்முறை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கல்லைக் கிடைமட்டமாக எறிந்து, அது விழும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாலத்துக்கும் கீழே மணலுக்கும் இடையே ஆறு மீட்டர் என்று துறையின் பழைய குறிப்பிலேயே இருந்தது. விடை 9.8 என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பாலத்துக்குப் போனதில்லை. விடையிலிருந்து பின்னால் நடந்து நேரத்தைக் கண்டுபிடித்து, நிஜம் போலத் தெரிய கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் கலைத்து எழுதுவார்கள்.

நான்தான் அதிமேதாவி ஆயிற்றே. வகுப்புத் தோழி ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனேன்.

காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும் என்றது புத்தகம். எழுதியவர் எங்கள் தோல் தொழிற்சாலைகளின் பின்பக்கம் ஒரு நாள் நின்றிருந்தால் காற்றைப் பற்றி அவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்க மாட்டார்.

தோழி எறிந்தாள், நான் ஓரமாக நின்று போனில் வீடியோ எடுத்தேன். வேகமாக எறிந்த கல் தூரத்தில் விழுந்தது, மெதுவாக எறிந்தது பக்கத்திலேயே விழுந்தது. இரண்டுக்கும் ஆன நேரம் ஒன்றுதான், 1.35 விநாடி. புத்தகம் சொன்ன ஒரு விஷயம் கண்ணெதிரே நடந்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

மொபெட்டில் லுங்கிக் கட்டோடு வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாமா, கழுத்துச் செயின் கீழ வுழுந்துட்ச்சா?"

"இல்லண்ணா, புவியீர்ப்பு எவ்ளோன்னு பாக்குறோம்."

"கெடைச்சா சொல்லுமா" என்று கிளம்பிவிட்டார்.

கணக்குப் போட்டேன். 6.6 வந்தது. மூன்று முறை போட்டும் அதே 6.6.

மறுநாள் இயற்பியல் சார் நோட்டைப் பார்த்தார். "இன்னாமா இது? நிலாவுல நின்னு போட்டியா?"

"நிலாவுல இன்னும் கம்மி சார்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நாளைக்குக் காலைல ஒழுங்கான விடையோட வா. இல்லன்னா கையெழுத்துக் கெடையாது." கையெழுத்து இல்லாத ரெக்கார்டை வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. ஒரு வருஷம் போய்விடும்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ரிஜெக்ட் லேஸ்களைக் கொண்டுவந்து வீட்டில் போட்டு வைத்திருப்பாள். அவற்றை முடிந்து, நுனியில் ஒரு ஹீலைக் கட்டி, சாயங்காலம் பாலத்திலிருந்து இறக்கினேன். ஆறு மீட்டரில் தரை தட்டியிருக்க வேண்டும். லேஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பது மீட்டரில்தான் ஹீல் தரையில் உட்கார்ந்தது. ஒன்பதைப் போட்டுக் கணக்குச் செய்தால் 9.88 வந்தது. பூமி ஒழுங்காகத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. மணலைத்தான் வேறு யாரோ இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

காலையில் சார் நோட்டில் நான் திருத்தி எழுதியிருந்த ஒன்பது மீட்டரைப் படித்துவிட்டு, முதலில் கதவைப் பார்த்தார்.

"மூணு மீட்டர் மணல் எங்க போச்சுன்னு எக்ஸ்டர்னல் கேட்டா நான் இன்னா சொல்றது? உயரம் ஆறுன்னே இருக்கட்டும். நேரம் 1.11னு போடு, 9.7 வரும். கொறையிற துளிக்குக் காத்துத் தடைன்னு எழுது."

முதல் பக்கத்தில் புறக்கணித்த காற்றின் மேலேயே கடைசிப் பக்கத்தில் பழியைப் போட்டேன். ஆமாம், எழுதினேன். கையெழுத்து விழுந்தது, பத்துக்குப் பத்து.

வீட்டுக்கு வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லோடு மணல். மாடியில் எனக்கென்று கட்டிக்கொண்டிருந்த அறைக்குப் பூச்சு வேலை.

"கையெழுத்து வந்துட்ச்சா?" என்றார் அப்பா.

"வந்துட்ச்சுப்பா."

அவர் ஒரு கை அள்ளிப் பெருமையாகக் காட்டினார். "பாரு, அசல் ஆத்து மணலு. இப்பல்லாம் கெடைக்கிறதே இல்ல."

வெட்கமாக இருந்தது. எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. அளந்து பார்த்தவளே நான்தானே.