ராகு காலத்துக்கு முன் ஒரு ஓகே

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மதுரை கோச்சடையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் செய்து முடித்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ‘அதை உனக்குச் சொல்லியா தரணும்’ என்பார் என் கணவர்.

ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துச் சீட்டு எங்கள் மென்பொருளில்தான் அச்சாகும். அதில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். இரவுக்கு முன்னால் ‘மாலை’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி அங்குள்ள பெரிய டாக்டர் போனில் கேட்க, எங்கள் டீம் லீடரும் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன் மாற்றத்தைச் சர்வரில் ஏற்றிவிட வேண்டும். சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற ஆபீஸ் எங்களுடையது; ராகு காலத்தில் எதையும் ஏற்ற மாட்டோம்.

அன்று காலையில்தான் அந்த மாற்றம், சோதித்து ஓகே போட என் கைக்கே வந்தது. புதிதாக ஒரு சீட்டு போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஏற்கெனவே பதிந்திருக்கும் நோயாளிகளின் சீட்டு எப்படி வரும் என்று இன்னும் பார்க்கவில்லை.

“ஒரு கட்டம் கூடியிருக்கு, அம்புட்டுத்தாம்மா. ஓகே போடு, ஏத்திருவோம்” என்றார் லீடர்.

“பழைய சீட்டு ஒண்ண பாத்துட்டுப் போடுறேண்ணே.”

“ராகு காலம் வந்துரும்மா. டாக்டர் வேற காத்திருக்காரு.”

“வரட்டும்ணே” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு பழைய சீட்டைத் திறந்தேன். மூன்றாவது கட்டம் என்று பதிந்திருந்ததால், இரவில் போட வேண்டிய இன்சுலின் இப்போது மூன்றாவதாகிவிட்ட மாலைக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இரவு காலியாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியைச் சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளே விழுந்துவிடலாம். என் மாமனாருக்கு ஒருமுறை அப்படி ஆகி நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

லீடர் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். தாமதத்துக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தோம். டாக்டர் திட்டவில்லை.

“இதுக்கு முந்தி மாத்துனதையெல்லாம் இப்பிடிப் பாத்துத்தானே ஏத்துனீங்க?” என்று கேட்டார்.

லீடர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அவையெல்லாம் நல்ல நேரம் பார்த்து ஏற்றியவை, பழைய சீட்டைப் பார்த்து ஏற்றியவை இல்லை.

அடுத்த வாரம் முழுக்க வேறு வேலை எடுக்காமல் பழைய மாற்றங்களையே சோதித்தோம். ஓரிடத்தில் வயது தப்பாக அச்சானதைத் தவிர வேறெதுவும் சிக்கவில்லை. நிம்மதி வந்தது, பெருமை வரவில்லை. அதுவரை யாருக்கும் எதுவும் ஆகாமல் போனது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் இல்லையே.

இப்போதும் ஓகே போடும் முன், அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் அதைத் துளியும் சந்தேகப்பட மாட்டார் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.