லேபிள் இல்லாத சாஸ் பாட்டில்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஒரு ஃப்ரைட் ரைஸ் கடையில் என் அம்மா பாத்திரம் கழுவுகிறார். மேசைகளில் இருக்கும் தக்காளி சாஸ் பாட்டில்களும் அவர் பொறுப்புதான். பாட்டில் பாதி குறைந்ததும் பெரிய கேனிலிருந்து மேலே ஊற்றி நிரப்புவதுதான் பல கடைகளில் வழக்கம். அடியில் கிடப்பது எத்தனை நாள் சாஸ் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது ஆகாது. காலியாகும்வரை காத்திருந்து, வெந்நீரில் ஊறவைத்து, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து உலர்ந்த பிறகே நிரப்புவார். ஊறியதில் லேபிள்கள் உரிந்துபோயின.

என் விடுமுறை நாளொன்றில் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று ஒரு குடும்பம் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தது. குடும்பத் தலைவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, பேரே இல்ல? எதக் கரைச்சு ஊத்தி வச்சிருக்கீங்க?"

எழுந்துபோய்க் கல்லாவருகே இருந்த, இன்னும் காலியாகாத ஒரு பழைய பாட்டிலை எடுத்துவந்தார். அதில் லேபிள் இருந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகக் காய்ந்த பொருக்கும் இருந்தது. திருப்தியாகச் சாப்பிட்டுப் போனார்.

முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார். "இனிமே கழுவ வேணாம்மா. மேலயே ஊத்திடு. லேபிள் இருந்தாதான் நம்புறாங்க."

"நான் வாயில வைக்காதத அடுத்தவங்களுக்கு வைக்க மாட்டேங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

அந்த வேலையில்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பீங்கான் டிப்ளமோ முடித்து, ஊரிலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். கை கழுவாமலேயே எழுந்து முதலாளியிடம் போனேன்.

"பாட்டிலே வேணாங்க. கேக்குறவங்களுக்கு அவங்க கண்ணு முன்னாடி சின்ன வெள்ளைக் கிண்ணத்துல ஊத்திக் குடுக்கலாம். கிண்ணம் நான் கொண்டாரேன்."

"வெள்ளையா? துளி அழுக்கு இருந்தாலும் பல்ல இளிக்குமே!"

"இளிக்கட்டுங்க. அதுக்குத்தான நான் இருக்குறேன்" என்றார் அம்மா.

முதலாளி சிரித்துவிட்டார். "செரி, ஒரு வாரம் பாப்போம்."

மறுநாளே முப்பது கிண்ணங்கள் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவை. அம்மா உள்பக்கத்தை விரலால் தடவி நான்கைத் தள்ளிவைத்தார்.

"ஏன்? நல்லாத்தான இருக்குது?"

"பொடி ஓட்ட இருக்குது பாருடி. சாஸு உள்ள போயி குந்திக்கிச்சுன்னா எந்தப் பிரஷும் எடுக்காது. இதுக்குத்தான் ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?"

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மெருகில் ஊசிமுனை அளவுக்குக் குழி இருந்தது. நான்கிலுமே இருந்தது.

அந்த வாரம் சாஸ் எந்தக் கம்பெனி என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட வந்த ஒரு பெண் மட்டும், "கிண்ணம் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாராம். வாரக் கடைசியில் முதலாளியே பாட்டில்களை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, இன்னும் ஐம்பது கிண்ணம் வேண்டும் என்றார். இந்த முறை பொறுக்குவதற்கு அம்மாவையே எங்கள் பீங்கான் கம்பெனிக்கு அனுப்பினார்.

அம்மா கிண்ணக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கழித்துக்கொண்டே போனார். எங்கள் சூப்பர்வைசர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாரும்மா அவங்க? எங்க படிச்சாங்க?"

"எங்க அம்மா சார். ஹோட்டல்ல கழுவுறாங்க" என்றேன், அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.