லைட் பார்க்க எடுத்த படம்

இலங்கை மலையகம் எங்கும் மண் சரிந்த அந்தக் கார்த்திகை மழை ஓய்ந்து, ரோடுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம். ஹட்டனில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருக்கிற என் ஸ்டூடியோவில் காலையிலிருந்தே கூட்டம். வீட்டோடு அடையாள அட்டையையும் பறிகொடுத்தவர்கள் புது அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அட்டைப் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. யாரையும் பார்த்து "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல வாய் வந்திருக்காது.

ஸ்டூடியோ போக எனக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. புகைப்படப்பிடிப்பாளர் சங்கத்தின் எங்கள் பகுதிக் கிளைக்கு நான்தான் செயலாளர். "எழுத்து வேலையெல்லாம் உங்களுக்குத்தான் சரியா வரும் தங்கச்சி" என்று ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு தடவைதான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, உடப்புசல்லாவை என்று நாலா பக்கமும் உறுப்பினர்கள். என் ஆர்டரை அவர் தட்டிக்கொண்டு போனார், அவர் ஆர்டரை இவர் தட்டிக்கொண்டு போனார் என்று முறைப்பாடுகள். விளக்கம் கேட்டு நான் எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு போகிறவரைக் கெஞ்சித் திரும்பச் சேர்க்க வேண்டும். நிர்வாகம் என்றால் எங்களுக்கு இதுதான். கிளையின் குழுப்படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் தீர்மானம் போடுவோம். இதுவரை எடுத்ததில்லை. எல்லோருக்கும் கேமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் ஆசை, முன்னால் நிற்க ஆள் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா வரிசையில் சேராமல், குடையை மடித்துக் கையில் வைத்தபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஆட்கள் குறைந்ததும் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, நீங்கதானே படம் புடிக்கிறவங்க சங்கத்துக்கு செக்ரட்டரி? அவரு சொல்லுவாரு."

யார் என்று சொன்னதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் தமிழ்க் கல்யாணம் எதுவென்றாலும் மணவறை கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். லொறியில் தூண்களையும் துணிகளையும் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக மண்டபத்துக்கு வந்து, கடைசி ஆளாகக் கழற்றிக்கொண்டு போவார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அவர் இருந்த லய வீட்டு வரிசையின் மேல் மலை இறங்கி அவர் போய்விட்ட செய்தி எனக்குத் தெரியும். அவருடைய மனைவியை அன்றுதான் பார்க்கிறேன். சம்பவத்தன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியவர், அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"அவரு படம் ஒன்னு வேணும். கருமாதிக்கு வைக்கணும்."

"ஒன்னுமே மிஞ்சலையாக்கா?"

"போனு, கார்டு எல்லாம் அவரோட போயிருச்சு. சொந்தக்காரவங்க போன்லயும் தேடிப் பாத்தாச்சு. படம்னாலே ஒதுங்குற மனுசன், எங்கிட்டு இருப்பாரு?"

"கல்யாணப் படம்?"

"ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் மணவறை கட்டுனாரு. நாங்க ஒரு மணவறையில உக்காரல." குறையாக இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு குடையின் பிடியைத் திருகிக்கொண்டே, "அவரு மொகம் எனக்கு மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு தங்கச்சி" என்றார்.

எத்தனை கல்யாணங்களில் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம், படம் இல்லாமலா போகும்? நிச்சயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். அவர் படியிறங்கியதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஆல்பம் ஆல்பமாகத் தேடினேன். ஒரு திரைச்சீலையைப் பிடித்திருக்கும் அண்ணனுடைய கை கிடைத்தது. தூணுக்குப் பின்னால் பாதிச் சட்டை கிடைத்தது. முகம் மட்டும் இல்லை. நாங்கள் கேமராவைத் தூக்குவதற்குள் ஒரு பூ கூட உதிராமல் ஒதுங்கிவிடுகிறவர் அவர். "தள்ளுங்கண்ணே" என்று சொல்லும் வேலையையே எங்களுக்கு வைத்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாக்கிறேன், பாக்கிறேன் என்று பதில்கள். கடைசியில் தலவாக்கலைக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது: "முதுகு இருக்கு. மொகம் இல்ல." எங்கள் கிளையிலேயே பெரிய வாய்க்காரர் அவர். நான் விளக்கம் கேட்டு எழுதிய ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தவர்.

மழையால் தள்ளிப் போயிருந்த வருடாந்தக் கூட்டம் அந்த வாரக் கடைசியில் நடந்தது. எங்கள் தலைவர் ஹட்டன் கடைத்தெருவில் கீழே படச்சட்டக் கடையும் மேலே ஸ்டூடியோவும் வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் நானா. அவருடைய மாடியில்தான் கூட்டம். நிகழ்ச்சிநிரலில் முதல் விஷயமே என் கடிதத்துக்கு எதிராகத் தலவாக்கலைக்காரர் கொடுத்த முறைப்பாடு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார். எனக்கு அதற்கெல்லாம் மனம் இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல்ல அண்ணன் படம். கருமாதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்றேன்.

அவரவர் தேடிய கதையைச் சொன்னார்கள். எல்லோரிடமும் கை, முதுகு, நிழல். நானா தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தலவாக்கலைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கோபத்தில் இருக்கிறவர் பார்வை இல்லை அது.

"செக்ரட்டரி, நீங்க எங்க தேடுனீங்க? ஆல்பத்துலயா?"

"ஆமா."

"லைட் பாத்த படத்த அழிச்சிட்டீங்களா?"

நானா தாடியிலிருந்து கையை எடுத்தார்.

படம் எடுக்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மணமக்கள் வருவதற்கு முன்னால் மணவறையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் நாற்காலியைப் பார்த்து அதைச் செய்ய முடியாது, அதற்கு ஒரு முகம் தேவை. அந்த விடியற்காலையில் மண்டபத்தில் யார் இருப்பார்கள்? "அண்ணே, ஒரு நிமிஷம் மாப்பிள்ளை சீட்ல உக்காருங்களேன், லைட் பாக்கணும்." நான் சொல்லியிருக்கிறேன். நானா சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறோம். ஒதுங்கியே பழகிய மனுஷன் அதற்கு மட்டும் உடனே வந்து உட்காருவார். அது படம் என்றே அவரும் நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை. எந்த ஆல்பத்துக்கும் போகாத படங்கள் அவை. அதனால்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் படம் எடுக்கிறவர்கள் சோம்பேறிகள். வேண்டாத படத்தை உட்கார்ந்து அழிப்பதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கூட்டத்தை ஒத்திவைக்க நான் தீர்மானம் எழுதவில்லை. எழுதுவதற்குள் பாதிப் பேர் படியிறங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அதே மாடிக்கு எல்லோரும் ஹார்ட் டிஸ்க்குகளைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். உடப்புசல்லாவைக்காரர் பாதை முழுக்கச் சேறு என்று முழங்கால் வரை மண்ணோடு வந்தார். லாப்டாப்களை வரிசையாக வைத்து ஒவ்வொரு கல்யாணத்தின் ஃபோல்டரிலும் ஆரம்பப் படங்களைத் திறந்தோம்.

அண்ணன் இருந்தார்.

ஒரு படத்தில் இல்லை, ஒரு லாப்டாப்பில் இல்லை. திறக்கத் திறக்க இருந்தார். தங்க நிறத் துணிக்கு முன்னால், வெள்ளைப் பூவுக்கு முன்னால், யானைத் தலை வைத்த சிம்மாசனத்தில். மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒன்று. வாயில் நூலைக் கடித்தபடி ஒன்று. யாரோ மாப்பிள்ளையின் தலைப்பாகையை வேடிக்கையாக அவர் தலையில் வைத்துவிட, வெட்கத்தோடு சிரிக்கிற படம் ஒன்று. நானாவின் பழைய டிஸ்க்கில் மீசை கறுகறுவென்று இருந்தது. உடப்புசல்லாவைக்காரருடையதில் காதோரம் நரை. என்னுடையதில் மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. எல்லாவற்றிலும் கண்கள் நேராக எங்களைப் பார்த்தன. நாங்கள் கண்ணுக்குத்தான் ஃபோகஸ் வைப்போம் என்று அவருக்குத் தெரியும், இமைக்காமல் இருப்பார். ஒரு மனிதருக்கு வயதாவதை, ஒன்றோடொன்று சண்டை போடுகிற இத்தனை பேர் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து வைத்திருந்தோம். கோயிலில் சாமி திரை விலகும்போது நிற்பது போலத்தான் எல்லோரும் நின்றோம். நானா மெல்ல, "அல்லாவே, இந்த மனுசன் எங்க எல்லார் வீட்டிலயும் இருந்திருக்காரே" என்றார்.

கருமாதிக்கு வைக்க, தெளிவான ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து முடித்த நேரம், தலவாக்கலைக்காரர் மூலையில் இருந்து கூப்பிட்டார். "செக்ரட்டரி, இங்க வாங்க. இவங்க யாருன்னு பாருங்க."

அவர் உடப்புசல்லாவையில் எடுத்த ஒரு பழைய கல்யாணம். முதல் படம். மாப்பிள்ளை சீட்டில் அண்ணன். பொண்ணு சீட்டில், மடி நிறையப் பூவோடு, சிவப்புச் சேலையில் ஒரு பெண் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் ஸ்டூடியோ ஓரத்தில் குடையோடு நின்ற அதே முகம். தலவாக்கலைக்காரரைத் தவிர மற்ற யாரும் அந்த அக்காவைப் பார்த்ததில்லை. நான் சொல்லத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"தூரத்துக் கல்யாணம்னு பூ கட்ட ஒத்தாசைக்கு வந்திருந்தாங்க" என்றார் அவர். "பொண்ணு சேலையும் செவப்பு. ரெண்டு பேரா உக்காந்தா நல்லா இருக்கும்னு கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க. அண்ணன்தான் கையப் புடிச்சுக் கூட்டியாந்து உக்கார வச்சாரு."

நானா இரண்டு படத்துக்கும் தன் கடையில் இருந்ததிலேயே நல்ல சட்டங்களை எடுத்துத் தானே போட்டார். கருமாதிக்கு முதல் நாள் நானாவும் தலவாக்கலைக்காரரும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்த வகுப்பறையில் அக்கா இருந்தார். அண்ணனின் படத்தைக் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கி, படத்தில் அவர் தாவாங்கட்டையைத் தொட்டார். "மூக்குக் கண்ணாடியத் தொடைக்காமயே போட்டிருக்காரு பாருங்க" என்று திட்டுவது போலச் சொல்லிக்கொண்டே அழுதார்.

பிறகு நான் மற்றப் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அதை மடியில் வைத்து உற்றுப் பார்த்தார். அழுகையும் நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து என்னைத் தாண்டிப் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"நீங்கதானே தம்பி அது? சும்மா லைட்தான் பாக்குறேன், படம் விழாதுன்னு சொல்லித்தானே உக்கார வச்சீங்க."

தலவாக்கலைக்காரர் கையைக் கூப்பினார். அக்கா படத்தைத் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் காட்டினார். "எங்க கல்யாணப் படம்" என்றார்.

எங்கள் கிளைக்கு இன்றைக்கும் குழுப்படம் கிடையாது. தலவாக்கலைக்காரர் போன மாதமும் வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போனார், நானும் கெஞ்சிச் சேர்த்தேன். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் விடியற்காலையில் மணவறை நாற்காலியில் யாரோ ஒருவரை உட்காரச் சொல்லும்போது, இப்போதெல்லாம் அவர் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றுக்கும் உதவாது என்று நாங்கள் அழிக்காமல் விட்டுவைத்த படங்களுக்குள், ஒரு மனிதர் இத்தனை வருஷமும் இமைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால், பட்டனில் வைத்த விரல் இன்றைக்கும் ஒரு கணம் நின்றுதான் அழுத்துகிறது.