‘வேண்டாம்’ மாப்பிள்ளை

என் தங்கையின் கணவருக்கு அவர் அலுவலகத்தில் ‘வேண்டாம்’ என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ஒருமுறை அவரை அடிக்கக் கை ஓங்கியவன் நான். அதனால் அவரைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொன்னால் நீங்கள் தாராளமாக நம்பலாம்.

அந்தப் பெயர் வரக் காரணம் அவருடைய வேலைதான். டிக்கெட் கொடுக்கிற பெட்டி, லிஃப்டுக்குள் மாடி எண்ணைக் காட்டுகிற பலகை, கடையில் பில் அடிக்கிற மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். அதன் நடு உயிர் கெர்னல். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கி வேலை பிரித்துக் கொடுப்பது அதுதான். உலகத்தில் உள்ள எல்லா மெஷினுக்கும் பொதுவாக எழுதி வைத்திருப்பதால், அது ஆயிரக்கணக்கான கேள்விகளோடு வருமாம். பிரிண்டர் வேண்டுமா? கேமரா வேண்டுமா? நெட்வொர்க் வேண்டுமா? சின்னச் சிப்பில் அத்தனைக்கும் இடம் ஏது? மாப்பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்து வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று பதில் சொல்லிக்கொண்டே போவார். மிஞ்சியது மட்டும் சிப்புக்குள் போகும். இதற்குச் சம்பளம் வேறு.

நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். “வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா மாப்பிள்ளே? எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் ரேட்டக் கேட்டதும் அதத்தான் சொல்றாங்க” என்று வம்புக்கு இழுப்பேன். அவர் சிரிப்பார், அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

என் தங்கை நேர் எதிர். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கும்போது மட்டும்தான் வாய் ஓயும், அதுவும் உத்தரவாதம் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. “இந்த மனுஷனோட எப்படிடி காலம் தள்ளுவ?” என்றேன். “ரெண்டு ரேடியோ ஒரே வீட்ல இருந்தா யாருண்ணே கேக்குறது?” என்றாள். அவள் கணக்கு சரியாகவே இருந்தது. அவர் மேஜையில் கேள்விகளுக்கு வேண்டாம் போட்டுக்கொண்டிருப்பார். அவள் அடுப்படியிலிருந்து ஊர்க்கதை முழுவதையும் ஒலிபரப்புவாள். ஒரு வரி விடாமல் காதில் வாங்கியிருப்பார் மனிதர். அவள் நடுவில் நிறுத்தினால் மட்டும் தலையைத் தூக்கி, “அப்புறம்?” என்பார்.

தன் வேலையில் அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. “நான் பண்ற பெட்டி எதையும் ஞாபகம் வச்சுக்காது மச்சான். எவனாவது பாதியில பிளக்கப் புடுங்கினா, எழுதிட்டு இருந்தது அரைகுறையா நின்னு பெட்டியே கெட்டுப்போகும். அதனால எழுதற வசதியையே எடுத்துடுவேன். எல்லா வேலையும் தற்காலிக நினைவுலதான். திரும்ப சுவிட்ச் போட்டா, அன்னிக்குத்தான் பொறந்த மாதிரி எழுந்து உக்காரும்.” அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சப் பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு தங்கைக்குத் தொண்டை கட்டியது. சளி என்றோம், வெயில் என்றோம், கத்திக் கத்திப் பேசினால் கட்டாமல் என்ன செய்யும் என்று கேலியும் செய்தோம். மாதக்கணக்கில் சரியாகவில்லை. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி என்றார். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கும். குரல் வராது. வேறு வழி உண்டா என்று நான் கேட்டேன், மாப்பிள்ளை கேட்டார், இல்லை என்பதை டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கைதான் முதலில் பேசினாள். “சரி, ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் பேசித் தீத்துடறேன்.”

மறுநாளே மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தார். பிளாஸ்டிக் டிபன் பெட்டியின் மூடியில் துளை போட்டு வரிசையாகப் பொத்தான்கள், ஓரத்தில் ஸ்பீக்கர், பக்கத்தில் மைக், அடியில் பேட்டரி. அலுவலகத்தில் உபரியாகக் கிடந்த ஒரு போர்டைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்தார். பொத்தானை அழுத்தினால் அவள் பேசி வைத்த வாக்கியம் அவள் குரலிலேயே வரும். “போன்லயே பேசி வச்சாப் போதாதா?” என்று கேட்டேன். “அவசரத்துக்குப் போன்ல தேடிட்டு இருக்க முடியுமா மச்சான்? பொத்தான்னா கை தானாப் போகும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

தங்கையின் குரல் அதற்குள் கரகரத்துப் போயிருந்தது. காலையில் வெந்நீர் குடித்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் பழையபடி தெளிவாக வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் விடியும்போதே எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஜன்னலைத் திறங்கள் என்று ஆரம்பித்து, “டீ ஆறிப்போச்சு, இனிமே யாரு சூடு பண்றது?”, “அண்ணே, சாப்டியா? பொய் சொல்லாத” வரை எல்லாம் போயிற்று. பொத்தானுக்குப் பொத்தான் சின்னப் படம் ஒட்டினாள். எனக்கான பொத்தானில் ஒரு மீசை. கடைசியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதற்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நெடுநேரம் பேசினாள்.

“என்னடி அது?” என்றேன்.

“அது அவருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம்தான் கேக்கணும்.”

மாப்பிள்ளை காது சிவந்து எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பெட்டி அவர் மேஜைமேல்தான் இருந்தது, சார்ஜரில் போட்டபடி. ஒருமுறைகூடச் சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆபரேஷன் அன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வார்டுக்கு வந்தாள். நர்ஸ், “இதெல்லாம் உள்ள கொண்டு போகக்கூடாதும்மா, சார்கிட்ட குடுத்துடுங்க” என்றார். கொடுக்கும் முன் ஒரு பொத்தானை அழுத்தினாள். “என்னங்க, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க” என்றது பெட்டி. வாய் இருக்கும்போதே பெட்டியில் பேசுகிறாளே என்று நர்ஸ் சிரித்தார். அப்புறம் தங்கை என் பக்கம் திரும்பி வாயால் சொன்னாள். “அண்ணே, இவர சாப்பிட வை.” அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் மாப்பிள்ளை பெட்டியின் சுவிட்சை விரலால் தடவி அணைத்தார். “கண்ணு முழிச்சதும் கேப்பா. பேட்டரி மிச்சம் இருக்கட்டும்” என்றார். துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கண் விழித்துக் கையை நீட்டினாள். கழுத்தில் கட்டு, மூச்சுக்கு ஒரு குழாய். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அவள் தண்ணீர்ப் பொத்தானை அழுத்தினாள்.

“ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்றது பெட்டி, மாப்பிள்ளையின் குரலில். உடனே தூரத்திலிருந்து அவள் குரல்: “கேக்குது, கேக்குது! ஊருக்கே கேக்குது! பால் பொங்குது, ஆள விடுங்க!”

பெட்டி செய்த முதல் நாள் ஸ்பீக்கரைச் சோதிக்க அவர் பேசிப் பார்த்தது அது. அடுப்படியிலிருந்து அவள் கத்தியதும் கூடவே பதிவாகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள் குலுங்கியது, வலியில் கண்ணைச் சுருக்கினாள். வேறு பொத்தானை அழுத்தினாள். “ஹலோ, ஹலோ, கேக்குதா?” ஜன்னல் பொத்தான். அதே ஹலோ. மீசைப் பொத்தான். அதே பால் பொங்கியது. சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள், அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

“கேக்குதா?”

“கேக்குது, கேக்குது!”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை. “என்னய்யா பண்ணின?” என்று கை ஓங்கிவிட்டேன். அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதே இல்லை. தங்கை படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்தாள். மருந்து ஏறிய கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ.

படிக்கட்டில் உட்கார்ந்து அவர் சொன்னார். ஆபரேஷனுக்கு நாள் நெருங்கிவிட்டதால், கெர்னலுக்கு முதலிலிருந்து பதில் சொல்ல நேரமில்லை. டிக்கெட் பெட்டிக்குச் சொல்லியிருந்த பதில்களை அப்படியே எடுத்து, ஒலிக்கு மட்டும் ‘வேண்டும்’ சேர்த்தாராம். பழைய பதில்களைக் கொடுத்தால் கெர்னல் புதிய கேள்விகளை மட்டும்தான் கேட்கும். ஏற்கெனவே பதில் சொன்னதைத் திரும்பக் கேட்காது. எழுதிச் சேமிக்கும் வசதி வேண்டுமா என்ற கேள்விக்கு என்றைக்கோ வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவள் பேசியதெல்லாம் தற்காலிக நினைவில்தான் நின்றது, சுவிட்சை அணைக்கும்வரை.

“ஒரு தடவ அணச்சுப் போட்டுப் பாக்கத் தோணலையா?”

“அவ பேசறதுக்கு முன்னாடியே பாத்தேன் மச்சான். சத்தம் வந்துச்சு. பேச்சு இல்லாத பொத்தானுக்கு வரட்டும்னு கெர்னலோட சேத்து நிரந்தரமா நானே ஒட்டி வச்ச ஹலோதான் வந்துச்சு. அதக் கேட்டுட்டு எல்லாம் நிக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

“எங்கயாவது கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்காதா?”

இல்லை என்று தலையாட்டினார். வாழ்க்கை முழுக்க அவர் பெருமைப்பட்டது போலவே அந்தப் பெட்டி அன்றுதான் பிறந்த மாதிரி எழுந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எல்லாக் கேள்விகளுக்கும் முதலிலிருந்து பதில் சொல்லிப் பெட்டியைத் திருத்தினார். இப்போது பிளக்கைப் பிடுங்கினாலும் எதையும் மறக்காது. ஆனால் அதில் வைக்க ஒன்றுமில்லை. என் போனில் அவள் எப்போதோ அனுப்பிய குரல் செய்திகள் சில கிடக்கின்றன: “அண்ணே, வர்றப்ப பால் வாங்கிட்டு வா.” கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்துக்கு நடுவே ஏதோ சொல்கிறாள். அவற்றை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவது? கம்ப்யூட்டர் குரல் ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று மாப்பிள்ளை கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹலோவில் தன் குரலை மட்டும் வெட்டிவிட்டு அவளுடையதை வைக்கட்டுமா என்றார். அதற்கும் வேண்டாம் என்றாள், கையை ஆட்டி. அந்த வீட்டில் இப்போது அந்த வார்த்தை அவளுடையது.

சிவப்புப் பொத்தானில் என்ன இருந்தது என்று அவர் ஒரே ஒருமுறைதான் கேட்டார், நானும் அங்கே இருந்தேன். எழுதிக் காட்டச் சொல்லிப் போனை நீட்டினார். அவள் போனை வாங்கி டைப் செய்தாள்: ‘அது எழுதறதுக்கு இல்லங்க. சொல்றதுக்கு.’ அப்புறம் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்து அழுதேன்.

அலுவலகத்தில் இப்போது மாப்பிள்ளையைப் பற்றிப் புகாராம். எந்தப் பெட்டியானாலும் பழைய பதில்களை எடுப்பதில்லை, ஆயிரக்கணக்கான கேள்விகளையும் முதலிலிருந்து படித்து, யோசித்துப் பதில் சொல்கிறாராம். வேலை இழுக்கிறது என்கிறார்கள். இழுக்கட்டும்.

போன வாரம் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்குள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற பெட்டி ஒன்றை வீட்டிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. தங்கை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வேலை மும்முரத்தில் மைக்கை எடுத்து, பழக்க தோஷம், “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்றார்.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரையும் சார்ஜர் ஒயரையும் பார்த்தேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வாய் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே கரண்டி பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. டங், டங். கொஞ்சம் நிறுத்தி, முன்னைவிடப் பலமாக, பொறுமை இழந்த மாதிரி, மறுபடி டங், டங், டங்.

மாப்பிள்ளையின் கண்ணீர் மேஜையில் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, நான் கேட்டறியாத பெரிய குரலில் சொன்னார்.

“கேக்குதும்மா. கேக்குது.”