சூசைப்பிள்ளை என்று நாம் அழைத்தவர்

இந்த மாதம் முதற் செவ்வாய்க்கிழமை காலை, கோப்பாயில் என் கடையோடு ஒட்டிய பட்டறையின் வாசலில் சூசைப்பிள்ளை காலமானார். நான் அப்போது உடுப்பிட்டியில் ஒருவருக்கு நீரிறைக்கும் எஞ்சின் விலை பேசிக்கொண்டு நின்றேன். என் மைத்துனன் சைக்கிளை மதிலில் சாத்தாமல் நிலத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அத்தான், சூசை அண்ணை போயிட்டார். ஸ்பனரைக் கையிலை பிடிச்சபடி இருக்கிறார். நித்திரை எண்டுதான் நினைச்சன்."

மறுநாள் அவருடைய உடம்பை எங்கள் ஊர்ச் சுடலையில் எரித்தோம். அடுத்த ஞாயிறு குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் சூசைப்பிள்ளையின் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தேன். அன்று தொடங்கிய கதை இன்னும் நிற்கவில்லை. வேதக்காரனை எரிக்கலாமோ என்று ஒரு பக்கம். சைவக்காரன் வேதக் கோயிலில் பூசை வைப்பானோ என்று இன்னொரு பக்கம். "முதலாளி இரண்டு கடையிலையும் முதல் போட்டிருக்கிறான்" என்று சந்தையில் ஒருவர் சொன்னாராம். சொன்னவருக்கும், அவரை அறிந்த மற்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என்னிடம் வேலை தேடி வந்தது ஒரு மாரிகாலத்தில். கையில் தகரப்பெட்டி, வெயிலிலும் மழையிலும் கழற்றாத ஒரு கறுப்புக் கோட்டு. கடையில் மூன்று மாதமாக வேலை செய்யாமல் கிடந்த தையல் இயந்திரத்தைக் காட்டி, அதில் என்ன பிழை என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி மறித்தார்.

"நீங்கள் சொல்லாதேங்கோ முதலாளி. அது சொல்லட்டும்."

சில்லைச் சுற்றிக் காது வைத்துக் கேட்டார். அரை மணித்தியாலத்தில் இயந்திரம் ஓடியது. பெயர் என்ன என்று கேட்டேன். தையல் இயந்திரத்தைத் திருத்த யோசித்ததைவிட அதற்குக் கூடுதலாக யோசித்தார். "சூசைப்பிள்ளை." எந்த ஊர் என்றேன். "இப்ப இந்த ஊர்."

அது அவருடைய பெயர் இல்லை என்பது ஒரு கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புவார். கோயிலுக்கும் போகமாட்டார், வேதக் கோயிலுக்கும் போகமாட்டார். களவெடுத்துவிட்டு ஓடிவந்தவர் என்றார்கள். மனைவியைக் கொன்றவர் என்றார்கள். நானும் முதல் ஆறு மாதம் இரும்புப் பெட்டிச் சாவியை இடுப்பைவிட்டுக் கழற்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பட்டறையை அவருக்குக் கொடுத்த அன்றே கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்திவிட்டார். "கள்ளன் வருவான் அண்ணை" என்றேன். "வரட்டும். காத்தும் வரும்" என்றார். மாரி மழையிலும் தாழ்வாரத்தில்தான் படுப்பார். நாலு சுவருக்குள் அவர் கண்மூடியதை ஒருவரும் கண்டதில்லை. விசர் பிடித்தவர் என்று நினைத்தோம். காரணம் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடம் முன்பு, ஆள் ஏறி மிதித்து இறைக்கும் துலாவுக்குப் பதிலாக எஞ்சின் வைத்துத் தோட்டத்துக்கு இறைக்கலாம் என்று சொல்லிக் கொழும்பிலிருந்து மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று கொண்டுவந்தேன். முதல் எஞ்சினைக் கந்தவனத்தாரின் மிளகாய்த் தோட்டத்தில் பூட்ட ஏற்பாடு. சித்திரை வெயிலில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. எஞ்சினை மேலே வைத்தால் இழுக்காது. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பனங்குற்றி குறுக்கே போட்டு அதன்மேல் இறக்கினோம்.

சூசைப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார்: "புகைக்குழாயை மேலை கொண்டுவராமல் ஓட்டாதேங்கோ." குழாய் இன்னும் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. அவர் அன்று வட்டுக்கோட்டையில் ஒரு சுவர்மணிக்கூடு திருத்தப் போயிருந்தார். கிணற்றைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் பார்க்க வந்து நின்றார்கள். அவர்களில் பத்துப் பேராவது வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. குழாயை நாளைக்குப் பூட்டலாம் என்று எஞ்சினை ஓட்டச் சொன்னேன். சொன்னது நான். வேறு ஒருவரும் இல்லை.

முக்கால் மணித்தியாலம் தண்ணீர் கொட்டியது. பிறகு எஞ்சின் இருமி நின்றது. திரும்ப ஓட்டுவதற்குக் கந்தவனத்தாரின் தம்பி தம்பிராசா இறங்கினான். குற்றியில் கால் வைத்தான், எஞ்சினைத் தொட்டான், அப்படியே அதன்மேல் சாய்ந்தான். கூப்பிட்டோம். பதில் இல்லை.

பழைய கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்குக் கட்டி இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அணைந்தால் கெட்ட காற்று, எரிந்தால் இறங்கலாம். கந்தவனத்தார் அரிக்கன் லாம்பை இறக்கினார். அது குத்துவிளக்குப்போல நின்று எரிந்தது.

"எரியுது! காத்து நல்லாயிருக்கு. உவன் மயங்கிப்போனான்" என்று ஒரு காலைக் கிணற்றுக்குள் போட்டார்.

அந்த நேரம் சைக்கிளில் வந்து சேர்ந்த சூசைப்பிள்ளை, சைக்கிளை விட்டுப் பாய்ந்து வந்து அவரை இடுப்பில் பிடித்து இழுத்து மண்ணில் எறிந்தார்.

"ஒருத்தரும் இறங்கப்படாது!"

"என்ரை தம்பி சாகப்போறான், விடடா! லாம்பு எரியுது, உனக்குக் கண் தெரியேல்லையோ?"

"எரியும்! உந்தப் புகைக்குள்ளை லாம்பு எரியும். ஆள்தான் அணைவான்!"

கந்தவனத்தார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் அவரைப் பிடித்தார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். சூசைப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். குழாய் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மண்வெட்டி என் பக்கம் திரும்பியிருக்கும்.

நல்லகாலம், பழைய துலாவை இன்னும் இறக்கவில்லை. தண்ணீர் அள்ளும் பட்டையை அறுத்தெறிந்துவிட்டு, துலாக்கொடியில் பூவரசங் கொப்புகளைக் கட்டாகக் கட்டச் சொன்னார். இரண்டு பேர் துலாவில் ஏறி மிதிக்க, கொப்புக்கட்டு கிணற்றுக்குள் போவதும் வருவதுமாகக் காற்றை அடித்துக் கலக்கியது. பெண்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து மேலிருந்து விசிறி ஊற்றினார்கள். "கெதியா! இன்னும் கெதியா!" கந்தவனத்தார் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியை யாரோ ஒளித்துவிட்டார்கள்.

பிறகு சூசைப்பிள்ளை கோட்டைக் கழற்றினார். அதை நான் அன்றுதான் கண்டேன். இடுப்பில் கயிற்றைக் கட்டி நுனியை என் கையில் தந்தார்.

"முதலாளி, முப்பது எண்ணுங்கோ. அதுக்குள்ளை கயிறு ஆடினால் இழுங்கோ, ஆடாட்டிலும் முப்பதிலை இழுங்கோ. நான் செத்தாலும் ஒருத்தரையும் இறக்காதேங்கோ. என்ன?"

"ஓம்."

மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார். நான் வாய்விட்டு எண்ணினேன். பத்து வரைக்கும் என் குரல் எனக்குக் கேட்டது. அதன்பின் துலாவின் கிறீச்சல்தான் கேட்டது. இருபது. கயிறு அசையவில்லை. கந்தவனத்தாரின் மனைவி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து. இருபத்தேழில் கயிறு ஆடியது.

இழுத்தோம். தம்பிராசாவைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார். இரண்டு பேரையும் மண்ணில் கிடத்தினோம். தம்பிராசாவின் முகம் செத்தவன் முகம்போல இல்லை, சிவந்திருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றிலிருந்ததையெல்லாம் சத்தி எடுத்தான். கந்தவனத்தார் விழுந்து அழுதார். அந்தத் தம்பிராசாதான் இந்த மாதம் பாடையின் முன்கொம்பைப் பிடித்து நடந்தவர்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் ஊர் அதிகாரியான விதானையார் ஆள் அனுப்பினார்: பின்னேரம் கடைக்கு வருவதாகவும், தனக்கு மேலான மணியகாரருக்கு அறிக்கை அனுப்பவேண்டியிருப்பதால் ஆளைக் காப்பாற்றியவரின் வாக்குமூலம், பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதவேண்டும் என்றும். நான் பட்டறைக்குப் போனபோது தகரப்பெட்டி சைக்கிளில் கட்டியாகிவிட்டது.

"எங்கை அண்ணை?"

"போறன்."

"என்னத்துக்கு? ஊரே உங்களைக் கும்பிடுது."

அவர் பெட்டியின் கயிற்றை இன்னொருமுறை இறுக்கினார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கப்பலிலை வேலை செய்தனான் முதலாளி. நிலக்கரி அறைக்குள்ளை கரி புகைஞ்சுகொண்டு கிடந்தது. லாம்பை இறக்கிப் பாத்தன். எரிஞ்சுது. 'இறங்கு, ஒண்டும் இல்லை' எண்டு நான்தான் சொன்னன். குருநகர்ப் பெடியன். சிரிச்சுக்கொண்டு இறங்கினவன். அவன்ரை பேர்தான் சூசைப்பிள்ளை. உடம்பைக் கடலிலை விட்டினம். விசாரணைக்கு நிக்காமல் இறங்கி வந்திட்டன். அவன்ரை பேரைச் சொல்லி ஆரும் கூப்பிடவேணும் எண்டு வைச்சுக்கொண்டன். நான் திரும்பாட்டிலும் பேர் கேக்குமெல்லோ." பிறகு தலையை நிமிர்த்தி, "என்ரை பேரைச் சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "தெரிஞ்சால் விதானையாருக்குப் பொய் சொல்லவேண்டி வரும். தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லலாம்."

அன்றுதான் அவர் என் முன்னால் முதல்முறை சிரித்தார். "நீங்கள் வியாபாரிதான்" என்றார்.

அங்கேயே, நின்ற நிலையில், இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அதை முடிவில் சொல்கிறேன்.

விதானையார் வந்தார். கடுதாசியை விரித்தார். "சூசைப்பிள்ளையைக் கூப்பிடும்" என்றார்.

பட்டறையில் அவர் கயிறு கட்டிய சைக்கிளில் கைவைத்தபடி நிற்பது எனக்குத் தெரியும். விதானையார் ஒருமுறை பின்பக்கம் நடந்தால் போதும்.

"அவரின்ரை வாக்குமூலம் என்னத்துக்கு ஐயா? பிழை விட்டவன்ரை வாக்குமூலம்தானே வேணும்" என்றேன். "புகைக்குழாய் இல்லாமல் ஓட்டவேண்டாம் எண்டு எனக்குச் சொல்லியிருந்தது. நான் ஓட்டினன். எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

அவர் பேனையை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லும். ஊருக்குத் தெரிஞ்சால் உம்மட்டை ஒரு ஆணியும் வாங்கமாட்டாங்கள்."

"எழுதுங்கோ."

எழுதினார். பட்டறைப் பக்கம் போகவில்லை. கந்தவனத்தார் ஒரு வருடம் என் கடைப்படி மிதிக்கவில்லை. என்னைப் 'புகை முதலாளி' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள். அந்த வருடம் ஒரு எஞ்சினும் விற்கவில்லை. அன்று மாலை சைக்கிளிலிருந்து தகரப்பெட்டி இறங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தத் தகரப்பெட்டியும், சுவரில் சாத்திக்கிடக்கும் கதவும். கதவை நான் மாட்டப்போவதில்லை. குருநகரில் சுவாமியார் யாருக்குப் பூசை என்று கேட்டபோது, கப்பலில் இறந்த இந்த ஊர்ச் சூசைப்பிள்ளைக்கு என்றேன். அதில் பொய் இல்லை.

நாங்கள் அன்று பேசி முடித்தது இவ்வளவுதான். விதானையாருக்கு நான் உண்மையைச் சொல்வது. சூசைப்பிள்ளை போகாமல் நிற்பது. இனி நான் விற்கும் எந்த எஞ்சினும் புகைக்குழாய் பூட்டாமல் கடையைவிட்டு வெளிக்கிடக்கூடாது. குழாய்க்குத் தனி விலை கேட்கக்கூடாது. லாம்பு எரிந்தாலும் நம்பாதே என்று வாங்குகிறவருக்கு நானே என் வாயால் சொல்லவேண்டும். சூசைப்பிள்ளையின் சொந்தப் பெயரை நான் கேட்பதில்லை. அவர் இறந்தால் பேருக்குப் பூசை, உடம்புக்கு நெருப்பு.